இரண்டு பால்கனி வேண்டாம். கேபின் எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: மே மாத லீவில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குத் திட்டமிட்டிருக்கிறோம். நான், கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். மாமியாருக்கு முட்டிவலி உண்டு. பஸ்ஸில் போனாலே குமட்டும். "ரெண்டு பால்கனி கேபின் போட்டுடுங்க மேடம், உள் கேபின்ல மூச்சு முட்டும்" என்கிறார் டிராவல் ஏஜென்ட். உள் கேபின் அவ்வளவு மோசமா? கப்பலில் இருக்கும் விளையாட்டு, ஷோ எல்லாம் டிக்கெட்டிலேயே அடங்குமா?
வாசகி, திருப்பூர்

பதில்: உள் கேபினில் மூச்சு முட்டாது. அங்கே வருவதும் பால்கனி கேபினில் வருவதும் ஒரே ஏசி காற்றுதான். ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, மொத்த இடம் சுமார் 150 சதுர அடி. குறை இவ்வளவுதான். நடுராத்திரி பாத்ரூமுக்கு எழும் பையனுக்காக பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வந்துபோகும் பெரிய ராயல் கரீபியன் கப்பல்கள் சிலவற்றில், உள் கேபின் சுவரிலேயே வெளியே தெரியும் கடலை நேரலையாகக் காட்டும் பெரிய திரை இருக்கிறது. பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்.

ஏஜென்ட் ஏன் இரண்டு பால்கனி என்கிறார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கமிஷன் பொதுவாகக் கட்டணத்தின் சதவீதம்தான். அதற்காக அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவருடைய தொழில் அது. ஆனால் உங்கள் மாமியாரின் குமட்டலுக்கும் பால்கனிக்கும் சம்பந்தமில்லை. குமட்டலைத் தீர்மானிப்பது கேபின் கப்பலில் எங்கே இருக்கிறது என்பதுதான். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியாது, நுனியில் இருப்பவர்தான் ஏறி இறங்குவார். அதனால் முன்பக்கமும் வேண்டாம், பின்பக்கமும் வேண்டாம். கப்பலின் நடுவில், முடிந்தவரை கீழ்த்தளத்தில் கேளுங்கள். மேல்தளத்துப் பால்கனியைவிட நடுவில் கீழே இருக்கும் உள் கேபின் ஆட்டம் குறைந்தது, விலையும் குறைவு.

பினாங்கு வரை நீங்கள் போவது மலாக்கா நீரிணை வழியாக. ஒருபக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா என்று நிலம் அணைத்திருக்கும் கடல் என்பதால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர் சூறைக்காற்று மழையோடு வருவதுண்டு. வந்த வேகத்தில் போய்விடும். புக்கெட் அப்படியல்ல. அதன் மேற்குக் கரை அந்தமான் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி அலை எழும். பெரிய கப்பல்கள் பல அங்கே பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, பயணிகளைச் சின்னப் படகில் ஏற்றித்தான் கரைக்கு அனுப்புகின்றன. ஆடும் படகில் முட்டிவலியோடு ஏறி இறங்குவது சிரமம். மாமியாரும் மாமனாரும் அன்று கப்பலிலேயே இருக்கட்டும். கூட்டமில்லாத கப்பல் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்ப்பார்கள்.

பினாங்கில் அவர்களை இறங்கச் சொல்லுங்கள். ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனிலேயே இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், சுற்றிலும் லிட்டில் இந்தியா, இட்லிக் கடை, பூக்கடை. இதற்கு நூறு டாலர் கொடுத்து டூர் எடுக்க வேண்டாம். ஒரு டாக்சி போதும்.

இனி சத்தம். கேபின் எண் தெரிந்தால் அந்தக் கப்பலின் டெக் வரைபடத்தை இணையத்தில் திறந்து, உங்கள் கேபினுக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல்குளத் தளம் என்றால், விடிவதற்குள் ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளைத் தரதரவென்று இழுக்கும் சத்தத்தில் விழிப்பீர்கள். கீழே தியேட்டரோ டான்ஸ் கிளப்போ இருந்தால் படுக்கையில் டிரம்ஸ் அதிரும். லிஃப்ட்டுக்குப் பக்கம் நல்லதுதான், மாமியாருக்கு அவசியமும்கூட. சிங்கப்பூரிலிருந்து போகும் ஜென்டிங் ட்ரீம் கப்பலே 335 மீட்டர் நீளம், அந்த நடைபாதையை ஒரு நாளைக்கு நாலு தடவை நடப்பது விளையாட்டல்ல. ஆனால் லிஃப்ட் வாசலுக்கு நேரெதிர் கேபின் வேண்டாம். நாலைந்து கதவு தள்ளி இருந்தால் போதும்.

பால்கனி என்ற சொல்லிலும் கவனம் தேவை. சில பால்கனிகளுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும்; கடலுக்குப் பதில் ஆரஞ்சு நிறப் படகின் முதுகைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டியதுதான். "பார்வை மறைக்கப்பட்டது" என்று கட்டணப் பட்டியலில் எழுதியிருக்கும், ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் படத்தில் இருக்காது. டிஸ்னி அட்வெஞ்சர் போன்ற கப்பல்களில் சில பால்கனிகள் கப்பலுக்குள்ளேயே இருக்கும் தோட்டத்தைப் பார்த்திருக்கும். அது கெடுதலில்லை, ஆனால் கடல் பால்கனி விலைக்கு வாங்கக் கூடாது.

இதையெல்லாம் விட நான் எச்சரிக்க வேண்டியது 'கேரன்டி கேபின்'. பெயரைக் கேட்டால் ஏதோ உறுதி தருவது போலிருக்கும். உறுதி வகைக்கு மட்டும்தான். பால்கனி கேரன்டி என்றால் ஏதோ ஒரு பால்கனி கட்டாயம் கிடைக்கும். எந்தத் தளம், முன்னா பின்னா, தியேட்டர் மேலா என்பதெல்லாம் கம்பெனி இஷ்டம். கேபின் எண் கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் தெரியும், பிறகு மாற்ற முடியாது. அதனால்தான் விலை குறைவு. இந்தக் குறைந்த விலையில் வாங்கி, இடம் தேர்வு செய்யும் விலையில் உங்களுக்கு விற்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். கேட்டால் "நம்ம ஆள் உள்ள இருக்காரு, நல்ல ரூமா போடச் சொல்றேன்" என்பார்கள். உள்ளே எந்த ஆளும் இல்லை, கம்ப்யூட்டர்தான் ஒதுக்குகிறது. கல்லூரி நண்பர்கள் நாலு பேர் போவதற்குக் கேரன்டி நல்ல பேரம். குமட்டலும் முட்டிவலியும் உள்ள பெரியவருக்கு எக்காரணம் கொண்டும் வேண்டாம். முழுப்பணம் கட்டுவதற்கு முன் "கேபின் எண் என்ன?" என்று எழுத்தில் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் கேரன்டிதான் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் ரேட் ஏறிவிடும் என்று அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாகக் கேளுங்கள்.

சரி, ஆறு பேரை எப்படிப் பிரிப்பது? ஒரு பால்கனி, அதற்கு நேரெதிரே நடைபாதையைத் தாண்டி ஒரு உள் கேபின் எடுங்கள். பால்கனியில் மாமனார், மாமியார், மகள். உள் கேபினில் நீங்கள், கணவர், மகன். பகலில் எல்லோரும் பால்கனியில் உட்காரப் போகிறீர்கள், இரண்டு பால்கனி எதற்கு? நான்கு பேரை ஒரே கேபினில் அடைப்பதும் வேண்டாம். ஒரே குளியலறை, பல்துலக்கவே வரிசை நிற்க வேண்டும். ஒவ்வொரு கேபினிலும் முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைவு என்பதுதான் வழக்கமான கணக்கு. நாலும் ரெண்டுமாகப் பிரித்தாலும், மூன்று மூன்றாகப் பிரித்தாலும் தொகை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏஜென்ட்டுகள் சிலர் இங்கே 'கனெக்டிங் கேபின்' என்று இன்னொன்றைத் தள்ளுவார்கள். இரண்டு கேபினுக்கும் நடுவே உள்கதவு இருப்பதுதான் கனெக்டிங். வெறுமனே அடுத்தடுத்து இருந்தால் அது பக்கத்து கேபின். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் சுவர்தான் இருக்கும். உள்கதவு உண்மையிலேயே தேவைப்படுவது பிள்ளைகளை மட்டும் தனி கேபினில் படுக்கவைக்கும் பெற்றோருக்கு. ஏனென்றால் பெரும்பாலான கம்பெனிகள் ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருந்தாக வேண்டும் என்கின்றன. பலவற்றில் அவருக்கு 21 வயதாகியிருக்க வேண்டும். பெற்றோர் கேபினை ஒட்டியோ எதிரிலோ இருந்தால் சிலர் விட்டுக்கொடுப்பார்கள், சிலர் விட மாட்டார்கள். விடாத கம்பெனியில் அப்பா பெயரை ஒரு கேபினிலும் அம்மா பெயரை இன்னொன்றிலும் பதிவு செய்துவிட்டு, கப்பலில் ஏறியதும் வரவேற்பு மேசையில் கூடுதல் சாவி அட்டை கேட்டு மாற்றிப் படுத்துக்கொள்வார்கள். உங்கள் விஷயத்தில் தாத்தா பாட்டி இருப்பதால் இந்தத் தலைவலியே இல்லை. உள்கதவு உள்ள கேபினில் பக்கத்து அறைப் பேச்சும் கேட்கும். தேவையில்லாதவர்கள் அதைத் தவிர்ப்பதே மேல். இரண்டு பதிவையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்ல மட்டும் மறக்காதீர்கள், சாப்பாட்டு மேசை ஒன்றாகக் கிடைக்கும்.

லீவு மாதத்தில் மூன்று பேர் படுக்கும் கேபின் சீக்கிரம் தீர்ந்துவிடும். கேபின் காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளைப் போட முடியாது என்று சொன்னால் அது எப்போதும் பொய்யல்ல. கப்பலில் ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர்தான் என்று உயிர்காப்புப் படகுக் கணக்கு இருக்கிறது. குடும்பங்கள் நிறைந்துவிட்டால் கூடுதல் படுக்கையை மூடிவிடுவார்கள். அதனால் கடைசி நேரத் தள்ளுபடிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பொழுதுபோக்குக்கு வருகிறேன். நீச்சல்குளம், தண்ணீர்ச் சறுக்கு, பெரிய தியேட்டர் ஷோ, பிரதான சாப்பாட்டுக் கூடம், பஃபே ஆகியவை பொதுவாகக் கட்டணத்தில் அடங்கும். தனி உணவகங்கள், குளிர்பானம், வைஃபை, ஸ்பா, போட்டோ, வீடியோ கேம் அறை எல்லாம் காசு. மற்ற சாகச விளையாட்டுகள் கப்பலுக்குக் கப்பல் மாறும். ஷோவுக்குக் காசு இல்லாவிட்டாலும் இடம் பதிவு செய்ய வேண்டியிருக்கும். செயலியில் பதிவு எப்போது திறக்கிறது என்று பார்த்து வீட்டிலிருந்தே போட்டுவிடுங்கள். உயரக் கட்டுப்பாட்டைப் பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ராயல் கரீபியனின் அலைச்சறுக்கில் படுத்துச் சறுக்க 52 அங்குலம், நின்று சறுக்க 58 அங்குலம் உயரம் வேண்டும். ஏழு வயதுப் பையன்கள் பலருக்கு அது எட்டாது. வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்பினால் அழுகை நிச்சயம்.

முதல் நாள் நீச்சல் உடையையும் மாமியாரின் மாத்திரைகளையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிகள் கேபினுக்கு வர மாலை ஆகிவிடும். அதுவரை குளத்தில் கூட்டம் குறைவு, பிள்ளைகள் ஆசை தீர ஆடலாம். பாதுகாப்புப் பயிற்சியை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா சாய்ந்த பிறகுதான் அதைக் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ நடத்தியாக வேண்டும் என்று விதி இறுகியது.

பிள்ளைகளின் சாவி அட்டையே பணப்பை. கேம் அறையில் ஒரு தட்டு தட்டினால் உங்கள் கிரெடிட் கார்டில் ஏறும். ஏறிய அன்றே வரவேற்பு மேசையில் போய், அவர்கள் அட்டையில் செலவு வசதியை முடக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. கரை மறைந்ததும் எல்லோருடைய போனையும் ஃப்ளைட் மோடில் போடுங்கள். கப்பலுக்கென்று சாட்டிலைட் நெட்வொர்க் ஒன்று இருக்கிறது, சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. மாமனார் ஒரு குட் மார்னிங் வீடியோ இறக்கினால் போதும், பில் ஊருக்கு வந்துவிடும்.

விளம்பர விலையில் துறைமுகக் கட்டணமும் ஊழியர் டிப்ஸும் பெரும்பாலும் சேராது. டிப்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பிள்ளைகளுக்கும் சேர்த்து வரும், ஆறு பேருக்கு நான்கு இரவு என்று பெருக்கிப் பாருங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்பதால் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி, வேறு பிடிப்பார்கள். அந்த விகிதத்தை அரசு இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறது. சம்பளத்தில் வரி கட்டிவிட்டுப் பிள்ளைகளோடு நாலு நாள் ஊர் சுற்றுகிறவரிடம் முதலில் வாங்கிவிட்டு, பிறகு ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள் என்பது என்ன நியாயமோ. பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். ஏறவில்லையென்றால் 'டாக்ஸ்' என்று வாங்கிய பணம் எங்கே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

ஏஜென்ட் தன் லெட்டர்பேடில் தரும் வவுச்சரை மட்டும் நம்பாதீர்கள். கப்பல் கம்பெனியின் பதிவு எண்ணை வாங்கி, அவர்கள் இணையதளத்திலேயே போட்டு ஆறு பெயரும் இரண்டு கேபின் எண்ணும் வருகின்றனவா என்று சரிபாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் இனிஷியல் பழக்கத்தால் மாமனார் பெயரில்தான் வழக்கமாகக் குழப்பம் வரும். கடைசியாக, சிங்கப்பூரிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தால் அது அந்நாட்டுக்குள் இரண்டாவது நுழைவு. விசாவில் 'மல்டிபிள்' என்று இருக்கிறதா என்று ஆறு பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒருவருக்கு ஒற்றை நுழைவு என்று வந்திருந்தால் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஏஜென்ட்டிடம் சொல்லி மாற்ற வழி பாருங்கள்.