ஆச்சியின் பெயருக்கு எதிரே ஒரு வெறுங்கட்டம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 61. உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கிராமத்தில் கணவரோடும் என் அம்மையோடும் வசித்து வருகிறேன். எங்கள் ஒரே மகனுக்கு வரும் ஆவணியில் திருமணம். முகூர்த்தமும் அன்றைய மதியச் சாப்பாடும் தக்கலையில் பெண் வீட்டாரின் பொறுப்பு. இரண்டு நாள் கழித்து நாகர்கோவிலில் நடக்கும் மாலை வரவேற்பு எங்கள் பொறுப்பு. அந்த வரவேற்பில் என்ன பரிமாறுவது என்பதுதான் இரண்டு மாதமாக என் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுக்காக ஒருவர் உளவியல் ஆலோசகருக்குக் கடிதம் எழுதுவாரா என்று தோன்றலாம். ஆனால் எங்கள் மாவட்டத்தில் ஒரு கல்யாணத்தைப் பத்து வருடம் கழித்தும் அதன் சாப்பாட்டை வைத்தே பேசுவார்கள்.

மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். அவனும் மருமகளாக வரவிருக்கும் பெண்ணும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்திருக்கிறார்கள். விருந்தினர் 240 பேர்தானாம். வட்ட மேசைகளில் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய இருக்கை. அழைப்பிதழோடு ஒரு பதில் அட்டை போகும். அதில் மூன்று உணவுகள் அச்சிடப்பட்டிருக்கும்: வறுத்தரைத்த கோழிக்கறியும் நெய்ச்சோறும், பொரித்த நெய்மீனும் தேங்காய்ப்பால் சோறும், சைவத்துக்குப் பன்னீர். வருபவர்கள் அவற்றில் ஒன்றைக் குறித்து, வரவேற்புக்கு மூன்று வாரம் முன்பே அனுப்ப வேண்டும். குறித்ததுதான் தட்டில் வரும்.

எனக்கு இது தாங்கவில்லை. எங்கள் வீட்டில் மீன் சமைப்போம், சாப்பிடுவோம். ஆனால் அடியந்திரம், அதாவது வீட்டு விசேஷம் என்றால் சைவச் சாப்பாடுதான், அதுவும் இலையில்தான். 1956-இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்கள் இலை மாறவில்லை. உப்பேரியும் இஞ்சிக்கறியும் நார்த்தங்காயும் முதலில் வந்து, அவியலும் எரிசேரியும் ஓலனும் அடுத்து வந்து, சோற்றில் பருப்பும் நெய்யும் விழுந்த பிறகு சாம்பார், புளிசேரி, ரசம், அடைப்பிரதமன், மோர் என்று போகும் வரிசையை நான் பிறந்தது முதல் பார்க்கிறேன். பந்தியில் உட்கார்ந்தவரிடம் என்ன வேண்டும் என்று என் அப்பா கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் விளம்பிவிட்டு, இன்னும் கொஞ்சம் என்றுதான் கேட்பார். மூன்று வாரம் முன்பே ஒருவரிடம் உனக்குக் கோழியா மீனா என்று அட்டை அனுப்பிக் கேட்பது, வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்பது போல இருக்கிறது. அதிலும் பன்னீர்! எங்கள் இலையில் பன்னீர் என்றைக்கு இருந்தது?

என் கணவர் காலம் மாறிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கொழுந்தனின் மனைவி, "மைனி, பெண் வீட்டில்தான் இலைச்சாப்பாடு போடுகிறார்களே, நாம் வேறு மாதிரி செய்தால் என்ன?" என்கிறாள். இவர்கள் யாருக்கும் என் வருத்தம் புரியவில்லை. முன்பெல்லாம் கல்யாணத்துக்கு முந்திய இரவு காய் வெட்டுக்கு எங்கள் தெருவே திரண்டு வரும். நடுவில் அரிவாள்மணையோடு என் அம்மை இருப்பார். அவியலுக்கு விரல் நீளம், எரிசேரிக்குச் சேனையும் ஏத்தங்காயும் சதுரம், ஓலனுக்குத் தடியங்காய் இத்தனை மெல்லியதாக என்று அம்மை சொன்னால் சமையலுக்கு வரும் தவசுப்பிள்ளைகூட மறுபேச்சுப் பேசமாட்டார். அப்படிப்பட்ட வீட்டில் இன்று ஓர் ஓட்டல் மேலாளர் வந்து மூன்று தட்டுகளைக் காட்டிச் சுவை பார்க்கச் சொல்கிறார். பெற்றவளுக்கு அதில் எந்தச் சொல்லும் இல்லை.

எல்லா முடிவையும் எடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொல்கிறார்கள். போன வாரம் மகன் பெயர்ப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் என்ன குறிப்பது என்று கேட்டான். ஆச்சிக்கு எதைக் குறிக்க என்றான். ஆச்சி வரவில்லை, அந்தக் கட்டத்தை விட்டுவிடு என்றேன். (அம்மைக்கு 84 வயது. இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு குழறும், நினைவெல்லாம் தெளிவு. மூன்று வேளையும் நான்தான் மசித்து ஊட்டுகிறேன். சித்திரையில் என் தங்கை மகளின் நிச்சயத்துக்கு அழைத்துப் போனோம். பந்தியில் ரசம் புரையேறி மூக்கிலும் வாயிலும் வந்து, பக்கத்து இலைக்காரர் எழுந்து போகும்படி ஆகிவிட்டது. ரசத்தை ஊற்றியவள் நான்தான். அதன் பிறகு அவர் நலனைக் கருதி எங்கும் அழைத்துப் போவதில்லை. அதெல்லாம் இங்கே தேவையில்லை.) நான் சொல்ல வந்தது, அந்தப் பட்டியலைக்கூட என்னைக் கலக்காமல் அவர்களே தயாரித்துவிட்டார்கள் என்பதுதான்.

இலைச்சாப்பாடே போட வேண்டும் என்று மகனின் மனத்தை மாற்ற நான் எப்படிப் பேச வேண்டும்? வற்புறுத்தினால் உறவு கெட்டுவிடுமோ என்றும் அஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், கன்னியாகுமரி மாவட்டம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ரசத்தைப் பற்றிப் பேசுவோம். இங்கே தேவையில்லை என்று நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்ததுதான் எனக்கு மிகவும் தேவையாகப் படுகிறது.

பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கும் விழுங்குவது கடினமாகிறது. விழுங்கும் நொடியில் மூச்சுக்குழாய் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அந்தத் தசைகள் தளர்ந்திருந்தால் மூடுவது தாமதமாகும். தண்ணீர், மோர், ரசம் போன்ற நீர்த்த பொருள்கள் அதற்குள் ஓடி இறங்கிவிடும். ரசச்சோறு இன்னும் சிரமமானது. வாயில் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே சாறு தனியாகப் பிரிந்து முன்னால் போய்விடுகிறது. பிரதமனில் அடையும் பாலும் சேர்ந்திருப்பதும் இதே வகைதான். பந்தியின் இரைச்சலும் பக்கத்தில் பேச்சும் கவனத்தைச் சிதறடிக்கும்போது அபாயம் கூடுகிறது. இவற்றையெல்லாம் உங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை என்று ஊகிக்கிறேன். பிறந்தது முதல் பார்த்த வரிசைப்படி, ரசம் வரும் இடத்தில் அம்மைக்கும் ரசம் ஊற்றினீர்கள். அவருக்குப் பிடித்த ஒன்றைக் கொடுத்தீர்கள். "ரசத்தை ஊற்றியவள் நான்தான்" என்ற மூன்று சொற்களைச் சித்திரையிலிருந்து தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் உறக்கத்தைக் கெடுப்பது பன்னீராக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கலாம். அம்மையின் நலனைக் கருதி அழைத்துப் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதியை ஏற்கிறேன். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அச்சம் மட்டுமே காரணமென்றால், அம்மையை வரவேற்புக்கு அழைத்து வந்து, சாப்பாட்டை மட்டும் வீட்டில் முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை ஒரு முறையாவது உங்களுக்கு வந்திருக்கும். அது வராததற்குக் காரணம், எழுந்து போன அந்தப் பக்கத்து இலைக்காரர். ஊரே கைகட்டிக் கேட்ட ஒரு பெண்மணியை யாரோ ஒருவர் முகம் சுளித்துப் பார்த்ததை மகளாகிய நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதை இன்னொரு முறை பார்க்க உங்களால் இயலாது. அது இயல்பான வேதனை. ஆனாலும் அது உங்கள் வேதனை. அதைத் தவிர்ப்பதற்கான விலையை அம்மை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நினைவு தெளிவாக இருக்கும் ஒருவரைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மகன் பேசுகிறார், கணவர் பேசுகிறார், கொழுந்தனின் மனைவி பேசுகிறார். அம்மை ஒரு சொல்லும் பேசவில்லை. பேரனின் வரவேற்புக்கு வர விருப்பமா என்று அவரிடம் கேட்டீர்களா? பெற்றவளைக் கலக்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்று மகன் மேல் குறைப்படுகிறீர்கள். அதே தொலைபேசி உரையாடலில், நீங்கள் உங்களைப் பெற்றவரைக் கலக்காமல் முடிவெடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் வெறுக்கும் பதில் அட்டையை இப்போது என்னோடு சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள். விருந்தினரிடம் என்ன வேண்டும் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்கிறீர்கள். உங்கள் அப்பா கேட்காமல் விளம்பியது பெருந்தன்மை. எல்லாரும் எல்லாவற்றையும் உண்ணக்கூடியவர்களாக இருந்த பந்தியில் அதைவிடச் சிறந்த உபசரிப்பு இருக்க முடியாது. ஆனால் சித்திரையில் அம்மையின் இலைக்கு வந்த ரசமும் அப்படிக் கேட்காமல் வந்ததுதான். உங்கள் அம்மையைப் போன்றவர்களுக்கு ஒருவர் முன்கூட்டியே, பொறுமையாக, உங்களால் எதை உண்ண முடியும் என்று கேட்பதுதான் உபசரிப்பு. இத்தனை பேரில் அதைக் கேட்டவர் உங்கள் மகன் ஒருவர்தான். ஆச்சிக்கு எதைக் குறிக்க என்று அவர் கேட்டார். ஆச்சி வருவார் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. உங்கள் பதிலைக் கேட்ட பிறகு அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் பேச வேண்டும் என்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள்.

இலைக்காக நீங்கள் நடத்தும் போராட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காய் வெட்டின் நடுவே அரிவாள்மணையோடு இருந்த அம்மையைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தே மாறிவிடுகிறது. இன்று அவருக்கு நீங்கள் மசித்து ஊட்டுகிறீர்கள். ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்துகொண்டிருப்பதற்கு நம்மிடம் சடங்கு எதுவும் கிடையாது. அழ ஓர் இடமும் கிடையாது. அந்தத் துக்கம் உங்களிடம் சாப்பாட்டு வரிசையாக வெளிவந்திருக்கிறது. அம்மை ஆண்ட விருந்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டால் அம்மையும் திரும்பிவிடுவார் என்று மனம் நம்புகிறது. ஆனால் இந்தப் போராட்டத்தில் நீங்கள் வென்றால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மண்டபத்தில் 240 இலைகள் விழும். அவற்றில் எந்த இலைக்கு முன்னும் அம்மை இருக்கமாட்டார்.

ஆகவே மகனின் மனத்தை மாற்றும் வழியை நான் சொல்லப்போவதில்லை. மதியச் சாப்பாட்டைப் பெண் வீட்டார் இலையில்தான் போடுகிறார்கள். வரவேற்பு அந்த இளையவர்களுடையது. கோழியும் நெய்மீனும் அவர்கள் விருப்பப்படியே இருக்கட்டும். பன்னீரைப் பற்றி மட்டும் உங்கள் பக்கம் நிற்கிறேன். சைவத்தைக் குறிப்பவருக்குத் தட்டின் மேல் சிறு இலை விரித்து எரிசேரியும் ஓலனும் புளிசேரியும் வைக்கச் சொல்லுங்கள். அதை எப்படிச் சமைப்பது என்று ஓட்டல்காரருக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள். கட்டளையாக இல்லாமல் ஒரு வேண்டுகோளாக வைத்தால் மகன் மறுக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன்.

அம்மையை இந்த மாதமே விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மருத்துவரே பரிந்துரைப்பார். இத்தகையவர்களுக்கான பானங்களையும் உணவுகளையும் நீர்த்த திரவத்திலிருந்து வழக்கமான உணவு வரை 0 முதல் 7 வரை எண்ணிட்டு வகுத்திருக்கிறார்கள். அம்மைக்குப் பொருந்தும் எண் எது என்று தெரிந்துவிட்டால், என்ன கொடுக்கலாம், எவ்வளவு மசிக்க வேண்டும் என்ற ஊகத்துக்கு இடமிராது. அதை ஓட்டலுக்கும் எழுதிக் கொடுத்துவிடலாம். பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்த சோறு, நன்றாக மசித்த எரிசேரி, கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுக்கும் உங்கள் ஊர் மட்டி வாழைப்பழம் ஆகியவற்றில் எவை ஆகும் என்று பெயர் சொல்லியே கேட்டு வாருங்கள். மண்டபத்தில் இரைச்சல் குறைந்த மேசை, நிமிர்ந்து உட்கார நல்ல நாற்காலி, உண்டபின் அரை மணி நேரம் சாயாமல் இருக்க அவகாசம் ஆகியவற்றை மகனிடம் கேளுங்கள். அன்று ஊட்டும் பொறுப்பை உங்கள் தங்கையிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் அம்மையின் பக்கத்தில் வெறுமனே மகளாக உட்காருங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். குழறலாக வரும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் சொல்ல வந்ததை நீங்கள் முடித்துவைக்கக் கூடாது. வரவில்லை என்று அவரே சொல்லலாம். சித்திரையில் நடந்தது அவருக்கும் நினைவிருக்கும், அவருக்கும் கூச்சம் இருக்கும். அப்படிச் சொன்னால், ரசத்தை ஊற்றியது நான்தான் அம்மை, எனக்கு அன்றிலிருந்து பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். என்னிடம் எழுதியதை அவரிடம் சொல்லலாம். அதன் பிறகும் வேண்டாம் என்றால் அது அவர் எடுத்த முடிவு.

வருகிறேன் என்றால், பட்டியல் அச்சுக்குப் போவதற்கு முன் மகனை அழைத்து, அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அம்மை சொன்னதை அம்மையின் சொற்களிலேயே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்.