மகளுக்குத் தெரியாமல் உளவு ஆப் வேண்டாம்

வணக்கம் சகோதரி. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் நள்ளிரவு வரை போனும் கையுமாக இருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பைப் படிக்கும் ஆப் போட்டுவிடலாம் என்று கணவர் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அந்த மாதிரி ஆப்களில் பல பிளே ஸ்டோரில் கிடைக்காது. ஆபத்தான ஆப்களைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட்டை அணைத்துவிட்டுத்தான் போடச் சொல்வார்கள். அப்புறம் உங்கள் பெண்ணின் படங்களும் பேச்சும் யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போகும். எம்ஸ்பை என்ற பெயர்பெற்ற உளவு ஆப்பின் தரவே 2015, 2018, 2024 என மூன்று முறை கசிந்திருக்கிறது.

பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கவனிக்க கூகுளே தரும் ஃபேமிலி லிங்க் ஆப் போதும். நேர வரம்பு வைக்கலாம், புது ஆப்புக்கு உங்கள் அனுமதி தேவை என்று வைக்கலாம். மெசேஜைப் படிக்காது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே போடுங்கள்.

எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு எல்லாருடைய போனும், என்னுடையதும் சேர்த்து, ஹாலில் டிவி பக்கத்தில் சார்ஜுக்குப் போய்விடும். முதல் வாரம் பையன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூன்று முறை எழுந்து வந்து தொட்டுப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பழகிவிட்டது.

யாராவது அவளை மிரட்டுவதாகத் தெரிந்தால் திட்டாதீர்கள், மெசேஜை அழிக்கவும் விடாதீர்கள். உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.