பதில்: தார்ப்பாய் போட்டும் காரில் கீறல்

காரைக்குடியில் வெட்டவெளியில் நிற்கும் காரைத் தார்ப்பாயால் போர்த்தியதில் பெயின்ட் முழுக்கக் கீறல் என்கிறீர்கள். பாயைக் குறை சொல்லாதீர்கள். அடியில் சிக்கும் செம்மண் புழுதிதான் காரணம். காற்றில் பாய் படபடக்கும்போது உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். மழை ஈரமும் உள்ளேயே தங்கும்.

துணி காரைத் தொடவே கூடாது, காருக்கு மேலே பந்தல்தான் போட வேண்டும். ஒன்றரை அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஆறு வாங்கி, இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நடுங்கள். ஒரு பக்கம் எட்டடி, மறுபக்கம் ஏழடி உயரம். மேலே வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் நிழல்வலை, உரக்கடையில் கேளுங்கள். வலை வெயிலுக்கு மட்டும்தான். ஐப்பசி மழைக்கு அதன்மேல் தார்ப்பாய் வேண்டும். இரண்டடிக்கு ஒரு குறுக்குக்கம்பி கட்டாயம், இல்லையேல் தண்ணீர் தேங்கிப் பாய் கிழியும். புயல் எச்சரிக்கை வந்தால் பாயை அவிழ்த்துவிடுங்கள். இல்லையேல் காற்று அதைப் பைப்போடு பிடுங்கிக் காரின் மேலேயே சாய்க்கும்.