வீடு அங்கே, நீங்கள் இங்கே: வாடகை வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: மாற்றலாகி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். போய்வர ஒரு முழுநாள் ஆகும். குடியிருப்பவர் நல்லவர், வாடகையும் தேதி தவறாமல் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஒரு பராமரிப்பு நிறுவனம் வாடகையில் 10 சதவீதம் கேட்கிறது. கொடுத்துவிடலாமா, நானே ஃபோனில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வாடகை வாங்குவது இதில் மிகச் சின்ன வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு, “சுவரில் ஈரம்” என்று உள்ளங்கை அகலக் கறை ஒன்றின் படம் வரும். மேல்தளத்திலிருந்து இறங்குகிறதா, சுவருக்குள் குழாய் கசிகிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்கச் சொல்லலாம். முள் அப்போதும் நகர்ந்தால் மீட்டரைத் தாண்டி எங்கோ தண்ணீர் போகிறது. ஃபோனில் நடப்பது இதுவரைதான். மறுநாள் பிளம்பர் பக்கத்தில் நின்று எந்த இடத்தில் உடைப்பது என்று பேச, வேலை முடிந்தபின் சுவரைத் தொட்டுப் பார்க்க, ஆள் வேண்டும்.

கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் அந்த வாசலில் நிற்கக்கூடியவர் யாராவது உங்களுக்கு உண்டா? இருந்தால் நீங்களே பார்க்கலாம். தூரம் பெரிய தடையில்லை. ஆனால் சொந்தக்காரரை ஓசியில் அலையவிடாதீர்கள். ஆறு மாதத்தில் மனக்கசப்பு வந்துவிடும். ஒருமுறை போய்வந்தால் இவ்வளவு என்று முதலிலேயே பேசிக் கொடுங்கள்.

அப்படி யாரும் இல்லையென்றால் கணக்கு இப்படி. 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 1.2 மாத வாடகை. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு போய்விடும். உங்கள் லீவும் பயணச் செலவும் தனி. ஆகவே அடிக்கடி ஆள் மாறும் வீட்டுக்கு நிறுவனம் கட்டுப்படியாகும். பல வருடம் ஒருவரே இருக்கும் வீட்டுக்கு அது வீண் செலவு. இப்போது இருப்பவர் இருக்கும்வரை நீங்களே பாருங்கள், அவர் காலி செய்யும்போது புது ஆள் பார்த்துக் குடிவைக்கும் வேலையை மட்டும் நிறுவனத்திடம் கொடுங்கள் என்பதே என் யோசனை.

முழுப் பொறுப்பையும் கொடுப்பதானால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கட்டாயம் கேளுங்கள். வீடு காலியாக இருக்கும் மாதத்துக்கும் கட்டணம் உண்டா? உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்வார்கள்? முன்பணம் யார் கையில் இருக்கும்? எல்லாவற்றையும்விட முக்கியம், பழுதுபார்த்தவர் கொடுத்த அசல் பில்லே உங்களுக்கு வருமா என்பது. நிறுவனம் தன் பெயரில் எழுதித் தரும் பில்லில் அவர்கள் பங்கு சேர்ந்திருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். தொடர்ந்து காலியாகக் கிடக்கும் வீட்டுக்குப் பல பாலிசிகளில் சில இழப்புகளுக்குப் பணம் கிடைக்காது.

அடுத்தமுறை போகும்போது தண்ணீர் மெயின் வால்வைக் குடியிருப்பவருக்குக் காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை திருகச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். நீங்கள் அங்கே இருக்கும்போதே மாற்றிவிடலாம்.