புதிதாக வரும் ஹார்ட் ராக், மெலடிக் ராக் ஆல்பங்களில் எவை கேட்கத் தகுந்தவை? குவிந்து கிடப்பதில் நல்லதை எப்படிப் பிரித்தெடுப்பது?

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். 2022 முதல் வந்தவற்றில் தயங்காமல் கைகாட்டக்கூடியவை ஐந்து: ஹீட் குழுவின் 'ஃபோர்ஸ் மஜோர்' (2022), எக்ஸ்ட்ரீமின் 'சிக்ஸ்' (2023), நெஸ்டரின் 'டீனேஜ் ரெபெல்' (2024), தி நைட் ஃப்ளைட் ஆர்கெஸ்ட்ராவின் 'கிவ் அஸ் த மூன்' (2025), ஹேரம் ஸ்கேரமின் 'சேஸிங் யூஃபோரியா' (2025). நல்ல ஆல்பங்கள் இன்னும் உண்டு. ஆனால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எழுந்து போகாமல் உட்கார வைப்பவை என்றால் இவைதான்.

இந்த இசையில் கோரஸை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதியை) வைத்து ஆல்பத்தை எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மனதில் ஒட்டும் கோரஸ் எழுதத் தெரிந்தவர்கள் இன்று நிறையப் பேர், ஸ்வீடனிலும் இத்தாலியிலும் குறிப்பாக. ஆல்பம் தேறுவதும் தேறாததும் கோரஸுக்கு வெளியே இருக்கும் மூன்று நிமிடங்களில்தான். இரண்டாவது வெர்ஸில், அதாவது சரணத்தில், புதிதாக ஏதாவது நடக்கிறதா, கோரஸுக்கு முன் வரும் ப்ரீ-கோரஸ் உண்மையிலேயே மேலே தூக்குகிறதா, தனி வாசிப்பான சோலோ தனக்கென ஒரு மெட்டு வைத்திருக்கிறதா, அடுத்த பாட்டின் வேகம் மாறுகிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் கூடி உட்கார்ந்து வாசித்துப் பார்த்த குழுவிடம் தானாக வரும். பாட்டை ஓரிடத்தில் எழுதி, குரலை வேறிடத்தில் பதிந்து, முகமறியாதவர்களைக் கொண்டு ஒட்டவைத்த ஆல்பத்தில் பெரும்பாலும் வராது.

ஹீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆல்பங்கள் பாடிய எரிக் கிரோன்வால் 2020-இல் விலக, முதல் பாடகர் கென்னி லெக்ரெமோ திரும்பி வந்தார். அவர் வந்தபின் வந்த முதல் ஆல்பம்தான் 'ஃபோர்ஸ் மஜோர்'. 'பேக் டு த ரிதம்' கனமான ரிஃபோடு (திரும்ப வரும் கிட்டார் துணுக்கோடு) திறக்கிறது. 'நேஷன்வைட்' பாய்கிறது. 'ஹாலிவுட்' நடுவேகத்தில் கீபோர்டைச் சாய்ந்து நிற்கிறது. 'ஒன் ஆஃப் அஸ்' மூச்சு வாங்க இடம் தருகிறது. 'டீமன் ஐஸ்' கிட்டத்தட்ட ஹெவி மெட்டல். பாட்டுகளின் வரிசையைக் குலைத்துக் கேட்டுப் பாருங்கள், ஆல்பம் பலவீனமாகத் தெரியும். வரிசையில் அவ்வளவு யோசனை இருக்கிறது. கீபோர்டு ஜோனா டீயும் கிட்டார் டேவ் டலோனும் ஒருவர் இடத்தை மற்றவர் அடைப்பதில்லை. வெர்ஸில் கிட்டார் விட்டுவைத்த அலைவரிசையில்தான் சின்த் நுழைகிறது. 2025-இல் வந்த 'வெல்கம் டு த ஃப்யூச்சர்' இதைவிட மெருகானது. அதில் 'பேட் டைம் ஃபார் லவ்' அருமை. ஆனாலும் வேக மாற்றம் குறைவு என்பதால் அதை ஒரு படி கீழேதான் வைப்பேன்.

எக்லிப்ஸ் பலருக்கும் பிடித்த குழு, எனக்கும்தான். எரிக் மார்டென்ஸன் பாடுகிறார், எழுதுகிறார், தயாரிக்கிறார், மிக்ஸிங்கும் செய்கிறார். எல்லாம் ஒரே கையில் இருப்பதன் பலம் தெளிவு, பலவீனம் ஒரே முகம். 'மெகலோமேனியம்' (2023), அதன் இரண்டாம் பாகம் (2024) இரண்டிலும் தனித்தனியாகக் கேட்டால் மோசமான பாட்டு என்று எதுவும் கிடையாது. தொடர்ந்து கேட்டால் ஐந்தாவது பாட்டில் காது சோர்ந்துவிடுகிறது. கோரஸ் எப்போது வரும், எந்த இடத்தில் எல்லா வாத்தியமும் நின்று குரல் மட்டும் ஒலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பத்துப் பாட்டை நீங்களே பொறுக்கி ஒரே ஆல்பமாக்கிக் கொள்ளுங்கள், பிரமாதமாக இருக்கும். புதியவர்கள் 'மோனுமென்டம்' (2017) ஆல்பத்தின் 'வெர்டிகோ', 'நெவர் லுக் பேக்' இரண்டிலிருந்து தொடங்கலாம். இதே மார்டென்ஸன் கைபட்ட டபிள்யூ.இ.டி. குழுவின் 'ஏபெக்ஸ்' (2025) வேறு மாதிரி ஒலிப்பதற்குக் காரணம் பாடகர் ஜெஃப் ஸ்காட் சோட்டோ. அவர் குரலில் ஒரு ஸோல் பாடகரின் நெகிழ்வு இருக்கிறது. வரியின் முடிவைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுத்துப் பாடுவதால் அதே மாதிரியான மெட்டுகூடப் புதிதாகிவிடுகிறது.

நெஸ்டர் 1989-இல் பள்ளி வயதில் தொடங்கி, பல்லாண்டு இடைவெளிக்குப் பிறகு 2021-இல் 'கிட்ஸ் இன் எ கோஸ்ட் டவுன்' மூலம் வெளியே தெரிந்த குழு. 1980களின் பாணியை எடுத்துக்கொண்டாலும் அந்தக் காலத்துப் பாட்டுகளை நகலெடுப்பதில்லை. 'டீனேஜ் ரெபெல்' ஆல்பத்தில் 'விக்டோரியஸ்', 'கரோலைன்' இரண்டையும் கேளுங்கள். பாடகர் டோபியாஸ் குஸ்டாவ்ஸன் உச்சஸ்தாயியைக் கடைசிக் கோரஸ் வரை சேமித்து வைக்கிறார். முதல் கோரஸிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கடைசியில் ஏற இடமில்லாமல் சுருதியை ஒரு முழு ஸ்வரம் உயர்த்தித் தப்பிக்கும் வழக்கம் இந்த வகைப் பாடல்களில் ஏராளம். இவர்களிடம் அந்தப் பொறுமை இருக்கிறது.

தி நைட் ஃப்ளைட் ஆர்கெஸ்ட்ராவின் கிட்டாரிஸ்ட் டேவிட் ஆண்டர்ஸன் 2022-இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த முதல் ஆல்பம் 'கிவ் அஸ் த மூன்'. இங்கே தாளம்தான் நாயகன். கிக் டிரம் நான்கு அடியிலும் சீராக விழ, ஹை-ஹாட் இடைத்தட்டில் திறக்க, பேஸ் தனி மெட்டாக ஓடுகிறது. டிஸ்கோவின் இந்த அடித்தளத்தின் மேல் ராக் கிட்டாரை வைக்கும்போது கிட்டார் சத்தமாக இருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. 'ஷூட்டிங் வெல்வெட்' நல்ல உதாரணம். ஹெட்போனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள்.

ஹேரம் ஸ்கேரம் கனடாக் குழு. முதல் ஆல்பம் 1991-இல் வந்தது. ஹாரி ஹெஸ், பீட் லெஸ்பெரன்ஸ் இருவரும் அன்று முதல் சேர்ந்து எழுதுகிறார்கள். 'சேஸிங் யூஃபோரியா'வில் கவனிக்க வேண்டியது கூட்டுக்குரல். பெரும்பாலான குழுக்கள் முதன்மைக் குரலுக்கு மேல் மூன்றாம் ஸ்வரத்தில் இன்னொரு குரலை ஒட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இவர்கள் பின்னணிக் குரலைத் தனியாக நகரவிடுகிறார்கள். முதன்மைக் குரல் ஓரிடத்தில் நிற்கும்போது பின்னணி இறங்குகிறது. அதனால்தான் எளிய கார்டுகள்கூட (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்கூட) ஆழமாகக் கேட்கின்றன.

எக்ஸ்ட்ரீம் 2008-க்குப் பிறகு 15 ஆண்டுகள் கழித்துக் கொடுத்தது 'சிக்ஸ்'. 'ரைஸ்' பாட்டின் சோலோவைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நியாயம்தான். மெட்டோடு தொடங்கி, கடைசியில் வேகத்தை அவிழ்த்துவிடும் அமைப்பு அதில் இருக்கிறது. நான் சுட்ட விரும்புவது கிட்டாரிஸ்ட் நூனோ பெட்டென்கோர்ட்டின் ரிதம் கிட்டார். தந்தியை அடக்கிவைத்து வலது கையால் தட்டும் தட்டுகள் டிரம்ஸின் பாதி வேலையைச் செய்கின்றன. ஆல்பத்தின் பின்பாதி சற்றுத் தளர்கிறது, மறுக்கவில்லை. முன்பாதி அந்தத் தளர்வை மன்னிக்க வைக்கிறது.

மூத்தவர்களிடமிருந்து வந்ததில் டீப் பர்ப்பிளின் '=1' (2024) ஆச்சரியம். கிட்டாரிஸ்ட் சைமன் மெக்பிரைட் வந்தபின் ஆர்கனும் கிட்டாரும் மறுபடி ஒன்றோடொன்று மோதுகின்றன. விங்கரின் 'செவன்' (2023) கார்டு அமைப்பில் இவர்கள் எல்லோரையும்விடக் கடினமானது, பொறுமை கேட்கும். மிஸ்டர் பிக்கின் 'டென்' (2024) ப்ளூஸ் பக்கம் சாய்ந்த நிதானமான ஆல்பம். பழைய மின்னல் வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்.

ஜர்னியின் 'ஃப்ரீடம்' (2022) பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 15 பாட்டு, ஏறத்தாழ 73 நிமிடம். அதில் ஒரு நல்ல 45 நிமிட ஆல்பம் ஒளிந்திருக்கிறது. டீன் காஸ்ட்ரோனோவோ பாடிய 'ஆஃப்டர் க்ளோ' போன்ற பாட்டுகள் நடுவில் அமுங்கிப் போகின்றன. எல்பி (வினைல் இசைத்தட்டு) காலத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம் என்ற எல்லை இருந்ததால் பலவீனமான பாட்டை வெட்டியே ஆக வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. பத்துப் பாட்டு, 40 முதல் 46 நிமிடம் என்பதுதான் இந்த இசைக்குப் பொருத்தமான அளவு.

இனி வடிகட்டும் வழி. அறிமுக வீடியோக்களை நம்பி ஆல்பத்தைத் தீர்மானிக்காதீர்கள். சிங்கிள்கள் பெரும்பாலும் முதல் நான்கு பாட்டுக்குள் அடுக்கப்பட்டிருக்கும். ஐந்தாவது பாட்டில் தொடங்கி எட்டு வரை கேளுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே நடுவேகத்தில், 120 முதல் 130 பிபிஎம்முக்குள் (நிமிடத்துக்கு விழும் தாளத்தட்டு), ஒரே மாதிரி நடந்தால் அது எச்சரிக்கை. அடுத்து ஒரு பாட்டில் முதல் வெர்ஸையும் இரண்டாவதையும் மட்டும் ஒப்பிடுங்கள். வார்த்தையைத் தவிர எதுவுமே மாறவில்லை என்றால் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். டிரம்ஸில் வேகமான உருட்டு வரும்போது ஸ்னேரின் ஒவ்வொரு அடியும் அச்சு அசலாக ஒரே ஒலியில் விழுந்தால் முன்பே பதிந்த ஒரே அடியின் ஒலியைத் திரும்பத் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். மனிதன் அடிக்கும் அடி ஒன்றுக்கொன்று சிறிதாவது வேறுபடும்.

பிறகு ஆல்பத்தில் எழுதியவர், வாசித்தவர் பெயர்ப் பட்டியலைப் படியுங்கள். இத்தாலியின் நேப்பிள்ஸில் 1996-இல் தொடங்கிய ஃப்ரான்டியர்ஸ் நிறுவனம் இந்த வகை இசையை உயிரோடு வைத்திருப்பதில் பெரும் பங்கு வகித்திருக்கிறது, அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். அதே சமயம், புகழ்பெற்ற பாடகர் ஒருவர், இசைக்க ஸ்டுடியோ கலைஞர்கள், எழுதித் தர நிலையான சில பேர் என்று அமைக்கும் 'புராஜெக்ட்' முறையும் அங்கே நிறைய உண்டு. பாடகர் பெயர் மாறினாலும் பத்துப் பாட்டையும் எழுதியவர்கள் அதே இரண்டு மூன்று பேர், மிக்ஸிங்கும் அதே ஆள் என்றால், கிடைக்கப்போவது என்ன என்று கேட்காமலே சொல்லிவிடலாம். தூரத்திலிருந்து பதிவு செய்வது மட்டுமே குற்றம் இல்லை. டெஃப் லெப்பர்டின் 'டயமண்ட் ஸ்டார் ஹேலோஸ்' (2022) கொரோனா காலத்தில் உறுப்பினர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தபடி உருவானதுதான். பல பத்தாண்டுகள் ஒரே மேடையில் நின்றவர்களுக்கு அடுத்தவர் என்ன வாசிப்பார் என்று தெரியும். முன்பின் அறியாத நால்வருக்குத் தெரியாது.

ஒலி பற்றியும் சொல்ல வேண்டும். இந்த இசையைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி மாஸ்டரிங்தான், அதாவது வெளியிடுமுன் ஒலியைச் செப்பனிடும் கடைசிக் கட்டம். பல புதிய ஆல்பங்கள் சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் அளவில் மைனஸ் 7 வரை நசுக்கப்படுகின்றன (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்). ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14-க்குச் சமப்படுத்துவதால் அந்த ஆல்பம் 7 டெசிபல் குறைக்கப்பட்டு ஒலிக்கும். சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். கோரஸ் வரும்போது ஒலி பெரிதாகாமல் நெரிசல் மட்டும் கூடினால் காரணம் இதுதான். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் டைனமிக் ரேஞ்ச் (டிஆர்) அளவில் இத்தகைய ஆல்பங்கள் டிஆர் 5, 6 என்று வரும். 1980களின் முதல் குறுந்தகடுகள் பெரும்பாலும் 11-க்கு மேல். எல்பியை அளந்து டிஆர் 10 வருகிறது என்று சொல்வதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அதே நசுங்கிய டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டிய தட்டுகூட, ஊசி வழியே வரும்போது அலைகளின் கட்டம் (phase) நகர்வதால் அளவியில் உயர்ந்த எண்ணைக் காட்டும்.

தட்டு வாங்குவதாக இருந்தால் மொத்த நேரத்தைப் பாருங்கள். 33⅓ வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்தைத் தாண்டினால் ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும். தட்டின் மையத்துக்கு அருகிலுள்ள உட்பள்ளத்தில் 'ஸ' ஓசைகள் கரகரக்கும். 50 நிமிட ஆல்பத்தை ஒரே தட்டில் அடைத்திருந்தால் குறுந்தகடே மேல். ஜப்பானியப் பதிப்பில் கூடுதல் பாட்டு ஒன்று இருப்பது இந்த வகை இசையில் நெடுநாள் வழக்கம், ஏனெனில் அங்கே உள்நாட்டுக் குறுந்தகடு இறக்குமதியைவிட விலை அதிகம், வாங்குபவருக்கு ஒரு காரணம் தர வேண்டும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்குமுன் அந்தப் பாட்டு என்னவென்று பாருங்கள். பல ஆல்பங்களில் அது உள்ளே இருக்கும் பாலட்டின் (மெதுவான பாட்டின்) அகூஸ்டிக் வடிவம்தான்.