துத்தம் தெளித்த இலை ஏன் கருகியது?

கேள்வி: குருத்தழுகலுக்குப் பயந்து போர்டோ கலவை என்கிற பூஞ்சைக்கொல்லி மருந்தை நானே கலக்கித் தென்னங்கன்றுகளுக்குத் தெளித்தேனுங்க. மூணே நாளில் இலை நுனியெல்லாம் கருகிப்போச்சு. ஒரு கிலோ மயில்துத்தத்துக்கு (காப்பர் சல்பேட், செம்பு உப்பு) ஒரு கிலோ சுண்ணாம்புதான் போட்டேன். எங்கே தப்பு?
– ஆனைமலை வாசகர்

பதில்: அளவு சரி. சுண்ணாம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூட்டை பிரித்துப் பல நாள் கிடந்தால் காற்றுப் பட்டு வீரியம் போய்விடும். எடையில் ஒரு கிலோ நிற்கும், வேலைக்கு அவ்வளவு வராது. கட்டுப்படாமல் மீந்த துத்தம் இலையைச் சுட்டுவிடும்.

புதிதாகச் சுட்ட கல்சுண்ணாம்பு 1 கிலோ வாங்கி, தண்ணீர் தெளித்து நீறவிட்டு, 50 லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தம் 1 கிலோவைப் பொடித்து இன்னொரு 50 லிட்டரில் கரையுங்கள். பிளாஸ்டிக் டிரம்தான் வேண்டும். இரும்பு, தகர டிரம் ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து, நாசில் அடைத்துக்கொள்ளும்.

தெளிக்குமுன் பளபளப்பாகத் தேய்த்த இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். ஆணியில் செம்பு படிந்து சிவந்தால் துத்தம் மீந்திருக்கிறது. சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி சோதியுங்கள். இந்தச் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கலவையை அன்றே தெளித்துத் தீர்த்துவிடுங்கள்.

குருத்து ஏற்கெனவே அழுகியிருந்தால் தெளிப்பு மட்டும் போதாது. அழுகலை நல்ல சதை தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, பசை தடவுங்கள். துத்தம் 100 கிராம் அரை லிட்டரில், சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டரில் கரைத்து ஒன்றாக்கினால் அதுதான் பசை. புதுக் குருத்து வரும்வரை மழைநீர் இறங்காமல் மூடி வையுங்கள்.

கேள்வி: செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. அப்படியானால் அதில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கலாம்தானே?
– பெருந்துறை வாசகி

பதில்: வேண்டாம்மா. புளி களிம்பைக் கரைப்பதால்தான் குடம் பளிச்சிடுகிறது. அதேபோல எலுமிச்சையும் மோரும் ரசமும் செம்பைக் கரைத்து வயிற்றுக்குள் அனுப்பும்; குமட்டலும் வயிற்றுவலியும் வரும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வெறும் தண்ணீரை இரவில் ஊற்றிக் காலையில் குடியுங்கள். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களுக்கு அதுவும் கூடாது. புளிப்புச் சமையலுக்கு உள்ளே ஈயம் பூசிய பாத்திரம்தான் சரி. பூசுவது வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் நஞ்சு. பூச்சு தேய்ந்து சிவப்பு தெரிந்தால் மறுபூச்சு போட்டுவிட வேண்டும்.

கேள்வி: போர் மோட்டாருக்கு வைண்டிங் கட்டக் கொடுத்தேன். போட்டது செம்புக் கம்பிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– சூலூர் வாசகர்

பதில்: கட்டும்போதே ஒரு துண்டுக் கம்பி கேட்டு வாங்குங்கள். மேலே சுரண்டிப் பார்த்தால் போதாது, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் சிவப்பாகவே தெரியும். குறுக்கே வெட்டி முனையைப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அது செம்பைப்போல 61 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். அதே தடிமனில் சுற்றினால் சூடேறிக் காயில் கருகிவிடும்.