பழைய டீசல் டேங்கை வீட்டிலேயே வெட்டலாமா?
காவேரிப்பட்டினம் வீட்டில் ஜெனரேட்டருக்கு வைத்த 500 லிட்டர் டீசல் டேங்க் காலியாகத்தான் கிடக்கிறது, பழைய இரும்புக்காரர் கேஸ் கட்டரால் வெட்டி எடுக்கிறேன் என்கிறார், சரியா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம் சார். காலி டேங்க்தான் அதிக ஆபத்து. ஓரத்தில் ஒட்டியிருக்கும் டீசல் சூடு பட்டதும் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து வெடிக்கும், ஆள் உயிரே போய்விடும். முதலில் மிச்ச டீசலைக் கைப்பம்பால் கேனில் இறக்குங்கள். அடியில் நிற்கும் கசடைக் கிணற்றுப் பக்கமோ மாந்தோப்பிலோ கொட்டாதீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். ஓசூர் சிப்காட் பக்கம் விசாரியுங்கள். அப்புறம் பைப்பைக் கழற்றி, டேங்கை முழுசாகவே வெளியே தூக்குங்கள். கதவு இடித்தால் நிலையைக் கழற்றுங்கள், செலவானாலும் பரவாயில்லை. டேங்க் இருந்த இடத்தில் மண்ணைத் தோண்டி, டீசல் வாடை அடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.